“ஒண்டுமில்ல, விடுங்க” – இந்தச் சொல்லை இந்தப் பெருநாளோடு நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உடுப்பு எடுக்கும் அவசரத்தில் இருப்பீர்கள். ஆனாலும் வீட்டில் காது மந்தமான ஒருவர் இருந்தால் இதை முழுக்க வாசியுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை என்று நினைப்பவர்களும் வாசியுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் கேட்டல் குறைபாட்டால் அவதிப்படுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை என்றால், நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்றுதான் அநேகமாக அர்த்தம்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். வாப்பாவும் மகளும். வாப்பாவுக்கு 71 வயது. 31 வருஷம் நெல்லு மில்லில் வேலை செய்தவர். மகளுக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்தது. இப்போது பாடசாலையில் படிப்பிக்கிறார், பர்தாவுக்குள் காது மெஷின் போட்டிருக்கிறார். இதைத் தட்டச்சு செய்வது மகள்தான். ஆனால் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறோம். வாப்பாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டி, “போடு மகள்” என்று அவர் சொன்ன பிறகே இங்கே போடுகிறோம்.

போன நோன்புப் பெருநாளில் நடந்ததை முதலில் சொல்கிறோம்.

ராத்தா வீட்டில் எல்லோரும் கூடினோம். முன் ஹோலில் ஆண்களுக்கு சஹன். பின்னால் குசினிப் பக்கம் நாங்கள் பெண்கள் பதினாலு பேர். ஸ்டேண்ட் ஃபேன் இரண்டு முழு வேகத்தில் சுத்துகிறது. டீவியில் மெட்ச். வாசலில் பிள்ளைகள் சீனவெடி கொளுத்துகிறார்கள். சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் வந்தது. பக்கத்து வீடுகளுக்கு அனுப்ப ஒரு தட்டம் தனியாக வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து மூத்த மச்சான், ஹோலின் அடுத்த மூலையில் இருந்து, போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: “அந்த மூணு ஏக்கர குடுத்திருவமா மாமா?”

வாப்பாவின் காதில் விழுந்தது “குடுத்திருவமா” மட்டும். கண்ணுக்கு முன்னால் இருந்தது வட்டிலப்பத் தட்டம். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். “ஓம் ஓம், குடுங்க. என்னத்துக்கு வெச்சிட்டு இரிக்கிற?”

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், வயல் பார்க்க புரோக்கர் ஆள் கூட்டி வந்தார். கையில் அட்வான்ஸும் கைமாறி இருந்தது. அந்த மூணு ஏக்கர் வாப்பா மில்லில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் வாங்கியது. பிள்ளைகளிடம் கை நீட்டாமல் பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுப்பது அதில் வரும் நெல்லில்தான். “என்ட வயல விக்கச் சொன்ன ஆரு?” என்று வாப்பா கேட்டார். முழுக் குடும்பமும் ஒரே வார்த்தை சொன்னது: “நீங்கதானே வாப்பா பெருநாளண்டு தலையாட்டின!”

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். விற்பனை நின்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மச்சான் ஒரு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை. “மாமாக்கு தேவையானது மட்டும்தான் கேக்கும்” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மச்சான் கெட்ட மனிதர் அல்ல. வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். அதனால்தான் எழுதுகிறோம். கெட்டவர்கள் எங்களை ஒதுக்கினால் அதற்கு வேறு பதிவு. எங்களை அன்பாக வைத்திருக்கும் வீட்டிலேயே இது நடக்கிறது.

முதலாவது, இந்த “தேவையானது மட்டும் கேக்கும்” என்ற குற்றச்சாட்டு. காது மந்தமான எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிற பழி இது. இதற்கு இன்றோடு பதில் சொல்லி முடிப்போம்.

உட்காதில் நத்தைச்சுருள் என்று ஒரு பகுதி இருக்கிறது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் மிக நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. பிறக்கும்போது ஒரு காதில் சுமார் 15,000. செத்தது செத்ததுதான், மனிதனில் அவை திரும்ப முளைப்பதில்லை. வயதாலும் பெரும் இரைச்சலாலும் முதலில் சாகிறவை உச்சமான, கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் கலங்கள். நாங்கள் கதைக்கும் மொழியில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் தடித்தவை, பலமானவை. ச, ஸ, ஷ, த, ப போன்றவற்றின் தொடக்கம் மெல்லியது, அதிலும் ச, ஸ, ஷ மூன்றும் உச்சத்தில் இருப்பவை. ஆகவே எங்களுக்குச் சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. “சட்டை”யா, “தட்டை”யா, “பட்டை”யா என்பது தெரியாது. மூன்றிலும் “அட்டை” மட்டும்தான் வந்து சேரும். மிச்சத்தை இடம், பொருள், முகம் பார்த்து நாங்கள்தான் நிரப்புகிறோம்.

அமைதியான அறையில், முகத்துக்கு முன்னால், தடித்த குரலுள்ள ஒருவர் கதைத்தால் நிரப்புவது லேசு. அதனால் கேட்கிறது. பத்துப் பேர் சேர்ந்து கதைக்கும் ஹோலில், பின்னால் இருந்து, சின்னப் பிள்ளை ஒன்று கூப்பிட்டால் நிரப்ப முடியாது. அதனால் கேட்பதில்லை. சுபஹுக்குப் பிறகு திண்ணையில் உம்மா மெதுவாகச் சொன்ன தேயிலைக் கணக்கு வாப்பாவுக்குக் கேட்டதும், பெருநாள் பகலில் மச்சான் சொன்ன வயல் கணக்கு கேட்காததும் ஒரே காதுக்குத்தான். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

இரண்டாவது, “நாங்க சத்தமாத்தானே கதைக்கிற” என்கிறீர்கள்.

உண்மை. சத்தமாகத்தான் கதைக்கிறீர்கள். அதுதான் பிரச்சினை. கத்தும்போது பெருப்பது உயிரொலிதான். எங்களுக்கு ஏற்கனவே கேட்கிற “ஆ”வும் “ஓ”வும் இன்னும் பெருக்கின்றன, கேட்காத மெல்லின, வல்லின வித்தியாசம் அதற்குள் அமுங்கிப் போகிறது. அதோடு காது பழுதானவர்களில் பலருக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூடினால் வலிக்கும். நடுவில் உள்ள இடைவெளி குறுகிவிட்டது. நீங்கள் கத்தினால் எங்கள் முகம் சுருங்குவது அதனால்தான். இன்னொன்றும் இருக்கிறது. கத்துகிற முகம் கோபமான முகம். சொல் பிடிபடாத எங்களுக்கு உங்கள் முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. சபைக்கு நடுவில், பேரப்பிள்ளைகளுக்கு முன்னால், 71 வயது மனிதரைப் பார்த்து நாலு பேர் கத்துவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

சத்தத்தைக் கூட்டுவதை விட தூரத்தைக் குறையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. நாலு மீட்டருக்கு அப்பால் நின்று கத்துவதை விட ஒரு மீட்டருக்குள் வந்து சாதாரணமாகக் கதைப்பது பலன் தரும். எழும்பி நாலு எட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, “மெஷின் போட்டா சரிதானே” என்பவர்கள்.

காது மெஷினை மூக்குக்கண்ணாடி மாதிரி நினைக்கிறீர்கள். கண்ணாடி போட்ட அடுத்த நொடியே எழுத்து தெரியும். மெஷின் அப்படியல்ல. செத்த மயிர்க்கலத்தை அது எழுப்புவதில்லை. இருக்கிற கலங்களுக்கு ஒலியைப் பெருப்பித்துக் கொடுக்கிறது. வருஷக்கணக்காகக் கேட்காத ஒலிகளை மூளை திரும்பப் பழக வாரங்கள், மாதங்கள் எடுக்கும். நல்ல மெஷின்கூட ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் நன்றாக உதவும். ஃபேன், பீங்கான் கோப்பை, குழந்தை அழுகை எல்லாவற்றையும் சேர்த்தே பெருப்பிக்கும். பெருநாள் குசினியில் சட்டியும் அகப்பையும் மோதுகிற சத்தம் மெஷின் வழியாக எப்படி வரும் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். மகள் போன பெருநாளில் பாதி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, எல்லோரும் சிரித்தபோது சேர்ந்து சிரித்துக்கொண்டு இருந்தார். சிரிப்பு எப்போதும் அரை நொடி பிந்தித்தான் வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

வாப்பாவுக்கும் ஒரு மெஷின் இருந்தது. அலுமாரி லாச்சிக்குள் இரண்டு வருஷம். “போட மாட்டேன் எண்டு அடம் பிடிக்கிறார்” என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. நோன்புப் பெருநாள் சம்பவத்துக்குப் பிறகுதான் மகள் அதை எடுத்துப் பார்த்தார். காதுக்குள் வைக்கும் அச்சு வாப்பாவின் காதுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் ஒலி வெளியே கசிந்து திரும்ப உள்ளே போய் விசில் அடிக்கும். அவருக்கு அந்த விசில் கேட்பதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் “வாப்பா, கூவுது கூவுது” என்று சிரித்தார்கள். அதனால் கழட்டி வைத்தார். இதற்குப் பெயர் அடம் அல்ல. அச்சை மாற்றினோம். பெட்டரியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கழட்டி ஒரு நிமிஷம் காற்றுப்பட விட்டுப் போட வேண்டும் என்பதும், வேர்வையும் கடற்காற்றின் ஈரமும் மெஷினுக்கு எதிரி, இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும் என்பதும் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மெஷினை வாங்கிக் கொடுத்ததோடு எங்கள் கடமை முடிந்தது என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

நாலாவது, “வயசு போனா அப்பிடித்தான்.”

வாப்பாவைக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். வலது காதில் கல் மாதிரி இறுகிப் போன குரும்பி. அதை எடுத்ததுமே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மிச்சம் நரம்புக் கோளாறு, மில் இரைச்சல் தின்றது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றால் 80 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மில்லுக்குள் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கவே கத்த வேண்டும். அப்படிக் கத்த வேண்டி வந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்றுதான் பொருள். 31 வருஷம், காதுக்கு ஒரு பஞ்சுகூட இல்லாமல். அந்த இரைச்சலில் உழைத்த காசில்தான் நாங்கள் படித்து ஆசிரியர் கலாசாலைக்குப் போனோம், மச்சான்மார் சீதன வீடுகளில் இருக்கிறார்கள். வாப்பாவின் காது வயதால் மட்டும் போகவில்லை. எங்களுக்காகவும் போனது.

“அப்பிடித்தான்” என்று விட்டுவிட்டால் அது காதோடு நிற்பதுமில்லை. தடுக்கக்கூடிய மறதி நோய்க் காரணிகளில் கேட்டல் குறைபாட்டையும் ஒன்றாக லான்செட் ஆணைக்குழு 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் பட்டியலிட்டிருக்கிறது. காது கேட்காதவர் சபையை விட்டு ஒதுங்குகிறார். ஒதுங்கினவருக்குப் பேச்சு குறைகிறது. பேச்சு குறைந்தவரின் மூளைக்கு வேலை குறைகிறது. “மூத்தாப்பா மறதியாப் போயிட்டார்” என்று நீங்கள் சொல்லும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து விட்டதில் எங்களுக்கும் பங்கு இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு வார்த்தை. காதில் சீழ் வந்தால் உள்ளி காய்ச்சிய எண்ணெயும் தாய்ப்பாலும் ஊற்றுவதை நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேராக நடுக்காதுக்குள் போகும். வைத்தியரிடம் போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். மகளுக்கு அந்த நாளில் எண்ணெய்தான் ஊற்றினார்கள், அன்போடு. பிறகு பாடசாலையில் “கவனமில்லாத பிள்ளை” என்று பெயர். கடைசி வாங்கில் இருந்தவரை முன் வாங்குக்கு மாற்றிய ஒரே ஒரு டீச்சரால்தான் இன்று அவரும் டீச்சர். உங்கள் வகுப்பில் “கவனமில்லாத பிள்ளை” இருந்தால், பிரம்பை எடுக்க முன் காதைப் பாருங்கள்.

இனி தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறோம்.

“என்ன சொன்ன?” என்று கேட்கிறோம். நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்கிறீர்கள். பிடிபடவில்லை. இன்னொரு முறை கேட்கிறோம். அப்போது வருகிறது அந்தச் சொல்: “ஒண்டுமில்ல, விடுங்க.” அல்லது “பிறகு சொல்றன்.” அந்தப் பிறகு வந்ததே இல்லை.

உங்களுக்கு அது சின்ன விஷயம். சொன்னதும் பெரிய விஷயமாக இருக்காது. மாமி போட்ட சாரி பற்றி ஒரு பகிடியாக இருக்கும். ஆனால் குடும்பம் என்பதே அந்தச் சின்ன விஷயங்கள்தானே? மவுத்துச் செய்தியும் கலியாணச் செய்தியும் எங்களுக்கும் எப்படியோ வந்து சேரும். பகிடி வந்து சேராது. யார் யாரோடு கோபம், எந்தப் பேரப்பிள்ளை புதிதாக எந்தச் சொல் சொல்லுது, யார் வட்டிலப்பத்தில் சீனி கூட, இதெல்லாம் வராது. “விடுங்க” என்று சொல்லும்போது எங்களுக்குக் கேட்பது இதுதான்: உங்களுக்குத் திருப்பிச் சொல்லும் அளவுக்கு நீங்கள் முக்கியமில்லை.

அதனால் நாங்கள் கேட்பதை நிறுத்துகிறோம். தலையாட்டப் பழகுகிறோம். மற்றவர் சிரித்தால் சிரிக்கிறோம், முகம் வாடினால் “இன்னாலில்லாஹ்” என்கிறோம். இது எங்கள் தவறும்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பழக்கியது யார்? மூணு ஏக்கர் விஷயத்தில் வாப்பா தலையாட்டியது ஒரு நாளில் வந்த பழக்கம் அல்ல. இருபது வருஷம் “விடுங்க, விடுங்க” என்று கேட்டுக் கேட்டு வந்தது.

பள்ளியில் வருஷத்தில் எத்தனை குத்பா பெற்றோர் பற்றிக் கேட்கிறோம்? பெற்றோர் முதுமை அடைந்தால் அவர்களிடம் சலிப்பின் சிறு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது என்ற சூரா இஸ்ராவின் கட்டளை தெரியாத முஸ்லிம் பிள்ளை இல்லை. “ஒண்டுமில்ல, விடுங்க” என்பது சலிப்பின் சொல் இல்லாமல் வேறு என்ன?

கண்பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்துத் திரும்பியதற்காக ஒரு சூராவே இறங்கியது. சூரா அபஸ, 80 ஆவது சூரா. அந்த ஸஹாபிக்கு அந்தச் சுளிப்புத் தெரிந்திருக்காது. எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. காது போனவர்களின் கண், முகத்தைத்தான் முழு நேரமும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னால் விளங்கும் வரை மூன்று தடவை திருப்பிச் சொல்வார்கள் என்று அனஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஒருவரைத் திரும்பிப் பார்த்தால் முழு உடம்போடும் திரும்புவார்கள் என்று ஷமாஇல் திர்மிதியில் இருக்கிறது. அவர்களின் கடைசி நோயில், மெலிந்த குரல் பின்னால் எட்டாதபோது அபூபக்கர் (ரழி) அவர்கள் தக்பீரைச் சத்தமாகச் சொல்லி மக்களுக்குக் கேட்கச் செய்தார்கள். யாரும் “விளங்கினவனுக்கு விளங்கட்டும், மற்றவன் விடட்டும்” என்று சொல்லவில்லை. முழுதாகத் திரும்புவது, மூன்று முறை சொல்வது, ஒருவர் இடையில் நின்று கேட்க வைப்பது. காது மந்தமானவர்களுக்கு இன்று எந்த வைத்தியரிடம் கேட்டாலும் சொல்லும் மூன்று வழிகளும் இவைதான். தாடியிலும் உடுப்பிலும் சுன்னத்துப் பற்றி வட்ஸ்அப்பில் விவாதம் நடத்துகிறோம். இந்த மூன்று சுன்னத்தையும் ஒரு பெருநாளில், ஒரு வாப்பாவிடம் செய்து பார்த்தோமா?

இலங்கையில் சட்டமும் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஐ.நா. சமவாயத்தை எங்கள் நாடு 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் எந்தச் சட்டமும் சஹனைச் சுற்றி வந்து உட்காராது. அங்கே நீங்கள்தான் சட்டம்.

சஹன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மூத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, காது மந்தமானவருக்கு சஹனை விட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆறு பேர், வட்டமாக, கைக்கெட்டும் தூரத்தில், எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிய. கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோதுதான், வாயைப் பார்த்து எவ்வளவு விளங்கிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கே தெரிய வந்தது. அந்த வாய்கள் எல்லாம் சஹனில் முன்னால் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது ஃபேனையும் டீவியையும் கவனிப்பது மட்டும்தான்.

ஆகவே இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வேண்டுகோள் இவை. ஒன்றுக்கும் காசு செலவில்லை.

1. காது மந்தமானவருக்கு இடத்தை முதலில் கொடுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர், முகத்துக்கு முன்னால் ஆட்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், அவர் கண்ணில் அல்ல. ஒரு காது நல்லதென்றால் அந்தப் பக்கம் இருங்கள்.

2. சாப்பிடும் அரை மணித்தியாலம் டீவியை நிறுத்துங்கள். மெட்சுக்கு ஒன்றும் நடக்காது. ஃபேனை அவர் காதுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

3. கதைக்க முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அல்லது தோளைத் தொடுங்கள். திரும்பிய பிறகு ஆரம்பியுங்கள். வாய் நிறையச் சோற்றோடும், போனைப் பார்த்துக்கொண்டும் கதைக்காதீர்கள்.

4. விளங்கவில்லை என்றால் அதே வசனத்தைக் கத்தாதீர்கள். சொல்லை மாற்றுங்கள். “மூணு ஏக்கர்” பிடிபடாவிட்டால் “வயல்” என்று சொல்லுங்கள், “வயல்” பிடிபடாவிட்டால் கையால் காட்டுங்கள், போனில் எழுதிக் காட்டுங்கள்.

5. பேச்சு எதைப் பற்றி என்று ஒரு சொல்லில் சொல்லி வையுங்கள். “வாப்பா, தம்பிட விசா கத” என்றால் போதும். மிச்சத்தை நாங்கள் நிரப்பிக்கொள்வோம்.

6. காணி, பூமி, காசு, கலியாணம், ஒப்பரேஷன் பற்றிய பேச்சைப் பெருநாள் சபையில் எடுக்காதீர்கள். அமைதியான அறையில் எடுங்கள். தலையாட்டலைச் சம்மதமாக எடுக்காதீர்கள். “நான் என்ன சொன்னேன், சொல்லுங்க” என்று மரியாதையாகக் கேட்டு, அவர் வாயால் வந்த பிறகு எடுங்கள்.

7. மெஷின் பெட்டரி ஒரு சோடி மேலதிகமாக வாங்கி வையுங்கள். பெருநாளன்று கடை பூட்டியிருக்கும்.

8. அவர் களைத்துப்போனால் பத்து நிமிஷம் தனியாக இருக்க விடுங்கள். கண்ணாலும் மூளையாலும் கேட்பது களைப்பான வேலை. எழும்பிப் போவது கோபத்தில் அல்ல.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒன்று. பெருநாள் தொழுகையில் ஏழும் ஐந்துமாக வரும் தக்பீர்களை வாப்பா பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்த்துத்தான் எண்ணுகிறார். ஸுஜூதில் அதுவும் முடியாது. எல்லோரும் எழும்பிய பிறகும் அவர் தலை தரையில் இருந்ததைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஸ்பீக்கரைக் கூவும் அளவுக்குக் கூட்டுவதால் இது தீராது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியில் சொல் கரைந்துவிடும். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, ஆட்களுக்குக் கிட்ட வையுங்கள். குத்பாவின் சுருக்கத்தை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால், காது கேட்கிறவரும் சேர்ந்து வாசிப்பார்.

கடைசியாக, காது மந்தமான எங்கள் ஆட்களுக்கு.

மறைப்பதை நாங்களும் நிறுத்த வேண்டும். மகளுக்குக் கலியாணம் பேசும் காலத்தில் “பொண்ணு பார்க்க வாற அண்டைக்கு மெஷினக் கழட்டி வெய்” என்று சொன்னார்கள். கழட்டி வைத்தார். மாப்பிள்ளையின் உம்மா கேட்ட எல்லாக் கேள்விக்கும் சிரித்துத் தலையாட்டினார். “அமைதியான பிள்ளை” என்று பிடித்துப்போனது. பிறகு தெரிந்ததும் பேச்சு முறிந்தது. காதுக்காக அல்ல, மறைத்ததற்காக என்று சொன்னார்கள். அது எவ்வளவு உண்மை என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் அன்று நாங்கள் மறைத்தது உண்மை. அடுத்த பேச்சுக்கு மெஷினைப் போட்டுக்கொண்டே போனார். வந்தவர் முதல் கேள்வியாக “எந்தப் பக்கம் இருந்து கதைச்சா நல்லாக் கேக்கும்?” என்று கேட்டார். இன்று அவர்தான் எங்கள் வீட்டு மருமகன்.

அதனால் தலையாட்டுவதை விடுவோம். “எனக்குக் கேக்கல்ல, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க” என்று சொல்லுவோம். ஒரு தடவை, மூன்று தடவை, ஐந்து தடவை. அது பிச்சை அல்ல, உரிமை.

போன கிழமை மூத்த மச்சான் வந்தார். வாப்பாவுக்கு முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். தோளைத் தொட்டு, மெதுவாக, “மாமா, அண்டைக்கு நான் கேட்ட முறை சரியில்ல, மாப்புப் பண்ணுங்க” என்றார். வாப்பாவுக்கு முதல் தடவையே கேட்டது. ஆனாலும் “என்ன சொன்ன மகன்?” என்று திருப்பிக் கேட்டார். மச்சான் முகம் சுளிக்காமல் இரண்டாம் தடவையும் சொன்னார்.

“இப்ப கேட்டிச்சி” என்றார் வாப்பா.

இந்தப் பெருநாளும் ராத்தா வீட்டில்தான், இன்ஷா அல்லாஹ். டீவியின் ரிமோட் இந்த முறை வாப்பாவின் கையில் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கும்?

வஸ்ஸலாம்.